டிவிடி வீட்டுக்கு வந்த கதை

'டிவிடி ஆத்தரிங்' என்ற வார்த்தையை இப்போது யாரும் சொல்வதில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரர்கள் தினமும் சொன்ன வார்த்தை இது. "ஷூட்டிங் தனி, எடிட்டிங் தனி, ஆத்தரிங் தனி சார்" என்று ரேட் சொல்வார்கள். எடுத்த படத்தை வெட்டி ஒட்டுவது எடிட்டிங். ஒட்டியதை டிவிடியில் ஏற்றி, மெனு வைத்து, 'நிச்சயதார்த்தம்', 'முகூர்த்தம்', 'வரவேற்பு' என்று பிரித்து, ரிமோட்டில் அழுத்தினால் அந்த இடத்துக்குப் போகும்படி செய்வதுதான் ஆத்தரிங்.

நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்தவன். கம்ப்யூட்டர்க்காரன் இல்லை. ஆனாலும் இதன் வரலாற்றை எழுத வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. காரணம், நான் இருக்கும் இடம். அந்தமானில், போர்ட் பிளேயர் (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம்) பத்துபஸ்தியில் குடியிருக்கிறேன். டிவிடியின் அருமை கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

முதலில் வந்தது விசிடி. 1993-ல் அதற்கான தர விதிகள் வந்தன. ஒரு சிடியில் 74 நிமிடப் படம். அதனால் நம் ஊர் சினிமா ஒன்றுக்கு இரண்டு, மூன்று சிடி. பாதிப் படத்தில் எழுந்து போய் சிடி மாற்றியது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அடுத்து டிவிடி. ஜப்பானில் 1996 நவம்பரிலும் அமெரிக்காவில் 1997 மார்ச்சிலும் பிளேயர்கள் விற்பனைக்கு வந்தன. படம் பல மடங்கு தெளிவு, 4.7 ஜிபி இடம், கூடவே மெனு.

ஆனால் டிவிடி 'பார்ப்பது' வேறு, 'செய்வது' வேறு. ஆரம்பத்தில் செய்வதற்கான சாஃப்ட்வேர் சினிமா கம்பெனிகளுக்கு மட்டும்தான். அதில் பெரிய பெயர் 'சீனரிஸ்ட்'. உருவாக்கியது ஜப்பானின் டைக்கின் கம்பெனி. ஆமாம், ஏசி மெஷின் செய்யும் அதே டைக்கின்தான் :-) தேவையான கருவிகளோடு சேர்த்து வாங்கினால் பத்தாயிரக்கணக்கான டாலர் ஆகும். 2001-ல் அந்தத் தொழிலை கலிஃபோர்னியாவின் சோனிக் சொல்யூஷன்ஸ் வாங்கிக்கொண்டது.

சாஃப்ட்வேர் இருந்தாலும் டிஸ்க்கில் எழுத ரைட்டர் வேண்டுமே? 1997-ல் பயனியர் கம்பெனி கொண்டுவந்த முதல் டிவிடி ரைட்டரின் விலை 17,000 டாலர். அன்றைய கணக்கில் ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்தில் ஒரு சின்ன ஊரில் வீடே கட்டியிருக்கலாம்.

திருப்பம் 2001 ஜனவரி 9. அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் புது பவர் மேக் ஒன்றை அறிமுகம் செய்தார். விலை 3,499 டாலர். உள்ளேயே டிவிடி ரைட்டர், கூடவே இலவசமாக 'ஐடிவிடி' என்ற சாஃப்ட்வேர். முதல் பதிப்பில் ஒரு மணி நேரப் படம்தான் ஏற்ற முடியும். ஆனால் படத்தை இழுத்துப் போட்டு, மெனுவைத் தேர்ந்தெடுத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் டிவிடி தயார். தொழில்காரர்களுக்கு 'டிவிடி ஸ்டூடியோ ப்ரோ' 999 டாலர். ஆப்பிள் இதற்காகவே 2000-ல் ஜெர்மனியின் அஸ்டார்ட்டே நிறுவனத்தின் டிவிடி தொழிலை வாங்கியிருந்தது. பிறகு 2001-ல் ஸ்ப்ரூஸ் என்ற கம்பெனியையும் வாங்கியது.

நம் ஊரில் மேக் வைத்திருந்தவர்கள் குறைவு. இங்கே புழங்கியது விண்டோஸ் பக்கத்து சாஃப்ட்வேர்கள். தைவானின் யூலீட், ஜெர்மனியின் நீரோ, பினக்கிள் ஸ்டூடியோ, சோனிக்கின் மைடிவிடி. 2003-ல் அடோபி 'என்கோர்' கொண்டுவந்தது. 2007-ல் விண்டோஸ் விஸ்டாவின் சில பதிப்புகளோடு டிவிடி மேக்கர் சும்மாவே வந்தது. பத்தே வருடத்தில் ஆறு லட்ச ரூபாய் ரைட்டர் சில ஆயிரமாகி, கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வர ஆரம்பித்தது. பிளாங்க் டிஸ்க்கின் விலை குறைந்ததில் டெல்லியின் மோசர் பேருக்கும் பங்கு உண்டு. அப்போது உலகின் பெரிய பிளாங்க் டிஸ்க் தயாரிப்பாளர்களில் அதுவும் ஒன்றாக இருந்தது. 2007-ல் சினிமா விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றதும் அவர்கள்தான்.

சரி, அந்த சாஃப்ட்வேர் உள்ளே என்ன செய்தது? படத்தை எம்பெக்-2 என்ற வடிவத்துக்குச் சுருக்கும். இடையிடையே அத்தியாயக் குறி வைக்கும். ஒரு தலைப்புக்கு 99 அத்தியாயம் வரை. மெனு என்பது உண்மையில் ஒரு படம்தான். பொத்தான் தேர்வாகும்போது நிறம் மாறுகிறதே, அது படத்தின் மேல் போர்த்திய நாலே நிறமுள்ள மெல்லிய திரை. இதனால் நமக்கு ஒரு லாபம். மெனுவில் தமிழில் எழுதினால் பிளேயருக்குத் தமிழ் எழுத்துரு வேண்டியதில்லை. எந்த நாட்டு பிளேயரிலும் 'முகூர்த்தம்' என்று தமிழிலேயே தெரியும்.

எந்தத் தலைப்பு, எந்த அத்தியாயம் எங்கே இருக்கிறது என்ற விவரம் தனியாக ஒரு சின்ன ஃபைலில் இருக்கும். அதற்கு அச்சு அசலாக ஒரு மாற்றுப் பிரதியும் பக்கத்திலேயே எழுதப்படும். மூலம் கெட்டால் நகல் கைகொடுக்கும். வங்கிக்காரனான எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பியவர்களுக்கு இன்னொரு தலைவலியும் ஞாபகம் இருக்கும். கடையில் வாங்கும் டிவிடிக்கு மண்டல எண் உண்டு. இந்தியாவுக்கு 5, அமெரிக்காவுக்கு 1, சிங்கப்பூருக்கு 3. வீட்டில் செய்த டிவிடிக்கு அந்தப் பூட்டு கிடையாது. ஆனால் பால், என்டிஎஸ்சி என்ற டிவி முறை வித்தியாசம் உண்டு. இந்தியாவில் பால் முறையில் செய்த கல்யாண டிவிடி, அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா வீட்டு பிளேயரில் பல சமயம் ஓடாது.

இப்போது அந்தமான் கதை. சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்குக் கடல்வழி சுமார் 1,200 கி.மீ. கப்பலில் 60 மணி நேரம் போல ஆகும். 2020 ஆகஸ்ட் 10-ம் தேதி கடலடி கேபிள் திறக்கப்படும் வரை தீவுகளுக்கு இணையம் செயற்கைக்கோள் வழியாகத்தான். கேபிள் சுமார் 2,300 கி.மீ., செலவு 1,224 கோடி ரூபாய். அதற்கு முன் நிலைமை எப்படி? ஒரு கணக்குப் போடுவோம். விட்டுவிடாமல் 256 கேபிபிஎஸ் வேகம் கிடைத்தாலே ஒரு டிவிடி அளவு படம் இறங்க 40 மணி நேரம் ஆகும். இங்கே விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். கப்பலோ 60 மணி நேரத்தில் ஒரு பெட்டி நிறைய டிவிடியைக் கொண்டுவந்துவிடும்! மெயின்லேண்டில் நடந்த கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் எல்லாம் தீவில் இருந்தவர்களுக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தன. லீவு கிடைக்காமல், டிக்கெட் கிடைக்காமல் போக முடியாதவர்களுக்கு அந்த டிஸ்க்தான் கல்யாணம்.

அதனால்தான் அது கெட்டுப்போவது இங்கே பெரிய விஷயம். கடையில் வாங்கும் சினிமா டிவிடி அச்சு போட்டது. வீட்டிலோ ஸ்டூடியோவிலோ எழுதியது அப்படி இல்லை. உள்ளே இருக்கும் சாயப்பூச்சில் லேசர் போட்ட தடம். வெயிலும் சூடும் ஈரமும் அந்தச் சாயத்துக்கு ஆகாது. இங்கே வருடத்துக்கு 3,000 மி.மீ. மழை.

எங்கள் தெருவில் ஒரு அக்கா தன் அப்பாவின் அறுபதாம் கல்யாண டிவிடியை என்னிடம் கொண்டுவந்தார். 2006-ல் மதுரையில் நடந்தது. அக்கா அப்போது போக முடியவில்லை. அப்பா இப்போது இல்லை. "தம்பி, கடைசில அப்பா பேசுவாரு, அது வந்தா போதும்" என்றார். டிவிடியில் எழுத்து உள்பக்கமிருந்து வெளி ஓரத்துக்குப் போகும். ஓரம் கெட்டால் முதலில் போவது படத்தின் முடிவு. டிடிரெஸ்க்யூ என்ற இலவச சாஃப்ட்வேரை இரண்டு ராத்திரி ஓட விட்டேன். மாலை மாற்றியது, அபிஷேகம் எல்லாம் முழுசாக வந்தது. அப்பா பேசியதில் பாதி வந்தது. அக்கா அந்தப் பாதியை மூன்று முறை கேட்டார்.

சாஃப்ட்வேர்களும் போய்விட்டன. 2011-லிருந்து புது மேக்குகளில் ஐடிவிடி வரவில்லை. 2012-ல் விண்டோஸ் 8 டிவிடி மேக்கரைக் கைவிட்டது. என்கோரும் அதே வருடப் பதிப்போடு நின்றது. மோசர் பேரை 2018-ல் கலைக்க உத்தரவானது. புது லேப்டாப்களில் டிஸ்க் போடும் இடமே பெரும்பாலும் இல்லை.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். யுஎஸ்பியில் சொருகும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்குங்கள். டிஸ்க்கில் 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே முழுசாக ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். விஎல்சி பிளேயரில் மெனுவோடு ஓடும். செல்போனில் பார்க்க வேண்டுமானால் ஹேண்ட்பிரேக்கில் இன்னொரு பிரதி எடுங்கள், மூலத்தை அழிக்காதீர்கள். விசிடியாக இருந்தால் 'எம்பெக்ஏவி' ஃபோல்டரை எடுங்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கும் சொந்தத்திடம். 2004 சுனாமியைப் பார்த்த தீவில் இருந்துகொண்டு இதை அழுத்திச் சொல்கிறேன்.

எஃப்.டி. ரசீதில் முதிர்வு தேதி போட்டிருக்கும். டிவிடியில் போட்டிருக்காது. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது அந்த டிரைவையும் பெட்டியில் வையுங்கள். அம்மா வீட்டு அலமாரியில், புடவைகளுக்கு அடியில் தேடிப் பாருங்கள்.