ஆவணக் காப்பாளர் வேதநாயகம்: ஒரு நாவலாசிரியரின் அலுவலகப் பின்புலம்

‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சேறியது. தமிழின் முதல் நாவல் என்ற பெருமை அதற்குண்டு. அதன் ஆசிரியரை மாயூரம் முன்சீப் என்றே இலக்கிய வரலாறுகள் அறிமுகம் செய்கின்றன. முன்சீப் ஆவதற்கு முன் அவர் நீதிமன்ற எழுத்தராகக் கழித்த ஆண்டுகளுக்கு அவ்வரலாறுகளில் ஓரிரு வரிகளே கிடைக்கின்றன. அவரது உரைநடை உருவானதை விளங்கிக்கொள்ள அந்த ஆண்டுகளே முதன்மையானவை என்பது இக்கட்டுரையின் கருத்து.

வேதநாயகம் பிள்ளை 1826 அக்டோபர் 11 அன்று திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். தந்தை சவரிமுத்துப் பிள்ளை, தாய் ஆரோக்கிய மரி அம்மாள். வேளாளக் கத்தோலிக்கக் குடும்பம். இந்தப் பின்புலம் இரு வகையில் பொருட்படுத்தத் தக்கது. வேளாளர் மரபில் தமிழ்ச் செய்யுட் கல்வி வீட்டோடு வந்தது. வீரமாமுனிவருக்குப் பின் தமிழ்க் கத்தோலிக்கரிடையே உரைநடையில் எழுதுவதும் படிப்பதும் வழக்கத்தில் இருந்தது. தொடக்கக் கல்வி தந்தையிடமே கிடைத்தது. பிறகு தியாகராச பிள்ளையிடம் தமிழும் ஆங்கிலமும் பயின்றார். அந்த ஆசிரியரும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். ஆகவே கச்சேரி உத்தியோகத்தின் மொழி வேலைக்குச் சேரும் முன்பே மாணவரின் காதில் விழுந்திருக்கும்.

1848இல் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்தார். 1850இல் மொழிபெயர்ப்பாளரானார். இந்தப் பதவியின் எடையை உணர அக்கால நீதிமுறையை நினைவில் கொள்ள வேண்டும். கீழ்நிலை நீதிமன்றங்களில் வாக்குமூலமும் பத்திரமும் தமிழில் இருந்தன. மேல்முறையீடு கேட்ட ஆங்கிலேய நீதிபதி ஆங்கிலத்தில் சிந்தித்தார், ஆங்கிலத்தில் தீர்ப்பெழுதினார். இரண்டுக்கும் நடுவே இருந்தவர் மொழிபெயர்ப்பாளர். வழக்காடிய குடியானவர் சொன்னதை அவர் சிதைத்தால் நிலமே கைமாறிப் போகும். அலங்காரத்துக்கு அங்கே இடமில்லை. யார், எப்போது, யாரிடம், எதை என்று ஒவ்வொன்றும் ஐயமின்றி நின்றாக வேண்டும். செய்யுளில் ஊறிய ஓர் இளைஞர் நாள்தோறும் இந்தப் பயிற்சியைப் பெற்றார்.

முன்சீப் தேர்வில் தேறி 1857இல் தரங்கம்பாடிக்குப் போனார். டேனிஷ்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் அவ்வூரை வாங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அடுத்துச் சீர்காழி, பிறகு மாயூரம். பதவி உயர்ந்தபோதும் மொழிபெயர்ப்பு மேசையை அவர் விட்டுவிடவில்லை. 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என வெளியிட்டார். சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கியதும் அவ்வாண்டில்தான். ஆங்கிலம் அறியாத வழக்காடிகளும் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அக்கறை இதில் வெளிப்படுகிறது. எவரும் இட்ட உத்தரவால் பிறந்த நூலாக இது தோன்றவில்லை.

இந்த அக்கறையின் தொடர்ச்சியை நாவலில் நேரடியாகக் காணலாம். தமிழர் வழக்கைத் தமிழர் நடுவே ஆங்கிலத்தில் வாதிக்கும் வக்கீல்களை அது கடுமையாகக் கண்டிக்கிறது. இந்தப் பகுதியைக் கதையோட்டத்துக்கு இடையூறு என்று ஒதுக்கிய விமர்சகர் உண்டு. கதை நோக்கில் அது சரியாக இருக்கலாம்; ஆனால் ஆசிரியரின் வாழ்நாள் அனுபவம் முழுதும் திரண்டு பேசும் இடம் அதுதான். 1859இல் வந்த ‘நீதிநூல்’ கைக்கூலி வாங்கும் அதிகாரிகளைச் சாடுவதும் அதே அனுபவத்தில் விளைந்தது. தலைமுறைகளாகச் செய்யுளில் வந்த அறநூல் மரபு, அவர் கையில் கச்சேரி வாசலில் நடந்த அநீதியைப் பேசத் தொடங்கியது.

1872இல் பணி ஓய்வு. நாவல் அதற்குப் பிறகே வெளிவந்தது. இடையில் தாது வருடப் பஞ்சம் வந்தது. மாயூரத்தில் அவர் கஞ்சி வார்த்துப் பலரைக் காத்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது ‘குளத்துக் கோவை’ பாடியதும், உ.வே.சாமிநாதையர் தம் சரித்திரத்தில் அவரை நினைவுகூர்வதும் பலர் அறிந்தவை. 1889 ஜூலை 21 அன்று காலமானார்.

ஆய்வாளர்கள் ‘சித்தாந்த சங்கிரக’த்தையும் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தையும் அருகருகே வைத்து வாக்கியம் வாக்கியமாக ஒப்பிட வேண்டும். தீர்ப்பு நூல் சட்ட அலமாரியிலும் நாவல் இலக்கிய அலமாரியிலும் பிரிந்து கிடக்கும்வரை, தமிழ் உரைநடை வரலாற்றின் இந்தப் பகுதி எழுதப்படாமலே இருக்கும்.