இஸ்திரி வண்டிக்கு வந்த வெயில்

அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சீனப் பட்டோவியம் ஒன்று இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ஹுய்சோங் பேரரசர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அரண்மனைப் பெண்கள் புதுப் பட்டை ஆளுக்கொரு பக்கமாக இழுத்துப் பிடித்திருக்க, ஒருத்தி நீளக் காம்பு வைத்த வாணலியை அதன்மேல் ஓட்டுகிறாள். வாணலிக்குள் கங்கு. கொஞ்சம் தள்ளி ஒரு சிறுமி கணப்பை விசிறிக்கொண்டிருக்கிறாள். அனல் தாங்காமல் அவள் முகம் மறுபக்கம் திரும்பியிருக்கிறது. துணி தேய்ப்பதைக் காட்டும் மிகப் பழைய படங்களில் இது ஒன்று. இந்தத் தொழிலில் அனல் யார் முகத்தில் அடித்தது என்பதையும் அந்த ஓவியர் கவனித்திருக்கிறார்.

தமிழ்நாட்டில் துணி வெளுப்பது தனிக் கலையாகவே இருந்தது. உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவியில் அவித்து, துறையில் அடித்துத் துவைத்து, கஞ்சி போட்டு மடித்துத் தருவார்கள். எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று தெரிய சேங்கொட்டைச் சாற்றால் ஓரத்தில் குறி போடுவார்கள். எத்தனை வெள்ளாவி கண்டாலும் அந்தக் குறி அழியாது. கிழக்கிந்தியக் கம்பெனி வாழ்ந்ததே துணி வியாபாரத்தில்தான். தறியிலிருந்து வந்த துணியை வெளுக்காமல் கப்பல் ஏற்ற முடியாது என்பதால், நெசவாளரைப் போலவே வெளுப்பவர்களையும் அது தேடிக் குடியேற்றியது. சென்னையின் வண்ணாரப்பேட்டை அப்படி உருவான ஊர். 1734இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் சிந்தாதிரிப்பேட்டை அமைந்தபோதும் நூற்பவர், நெய்பவர், சாயமிடுபவரோடு வெளுப்பவர்களுக்கும் அங்கே மனை ஒதுக்கப்பட்டது.

டச்சுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. தங்கள் படைவீரர்களின் சீருடைகளை வெளுக்கத் தமிழ் வண்ணார்களைக் கொச்சிக்கு அழைத்துப் போனார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் ஃபோர்ட் கொச்சியின் வேளிப் பகுதியில் உள்ள தோபிகானாவில் துவைக்கிறார்கள், தேய்க்கிறார்கள். அந்தக் கட்டடத்தைக் கொச்சி பெருநகர வளர்ச்சிக் கழகம் 1976இல் கட்டிக்கொடுத்தது. வண்ணார் சங்கம் அதைப் பார்த்துக்கொள்கிறது.

ஐரோப்பியர்களின் காலத்தில்தான் கரிப்பெட்டி இங்கே வேரூன்றியது. பித்தளையிலோ வார்ப்பிரும்பிலோ செய்த கனத்த பெட்டி, கீலில் திறக்கும் மூடி, மேலே மரக் கைப்பிடி, காற்றுப் போகப் பக்கவாட்டில் துளைகள். சில பெட்டிகளின் கொக்கியில் சேவல் உருவம்கூட உண்டு. கொட்டாங்குச்சியைப் பற்றவைத்து, அதன்மேல் அடுப்புக்கரியைப் போட்டு, கனிந்ததும் பெட்டியில் அள்ளிப்போட வேண்டும். சூடு பதம்தானா என்று பார்க்க ஈரத்துணியில் ஒரு இழுப்பு. பருத்திக்கு ஒரு பதம், பாலியெஸ்டருக்கு வேறு பதம். எந்த முள்ளும் எண்ணும் கிடையாது, கையே அளவுகோல். தணல் தணிந்தால் விசிற வேண்டும், விசிறினால் சாம்பல் பறக்கும். ஒரு பொறி வெள்ளை வேட்டியில் விழுந்தால் அன்றைய கூலி போச்சு. கரிப்புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. நாள் முழுக்கக் குனிந்து நிற்பவரின் தலைவலியாக மட்டும் தெரியும்.

அந்தக் கரி எங்கிருந்து வருகிறது? தமிழ்நாட்டில் அதற்கும் ஒரு கதை உண்டு. சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெடோம் விதை கேட்டு எழுதி, 1877 வாக்கில் கடப்பைப் பகுதியில் விதைக்கப்பட்டது ஒரு தென்னமெரிக்க மரம். வறண்ட மண்ணில் விறகு கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். அந்தச் சீமைக் கருவேலம் பின்னர் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களை எப்படிப் பிடித்துக்கொண்டது என்பது எல்லோருக்கும் தெரியும். மழை ஏமாற்றும் அந்த ஊர்களில் கரிமூட்டம் பலருக்குச் சோறு போட்டது. வெட்டிய கட்டையை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் பூசி மூடி, நாள்கணக்கில் உள்ளுக்குள் கனியவிட்டு எடுக்கும் கரி மூட்டை மூட்டையாக டீக்கடைகளுக்கும் இஸ்திரி வண்டிகளுக்கும் போனது.

இதற்கிடையில் உலகம் தேய்ப்புப் பெட்டியை மாற்றிக்கொண்டே இருந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மேரி ஃப்ளாரன்ஸ் பாட்ஸ் என்ற பெண், கழற்றி மாட்டக்கூடிய மரக் கைப்பிடி வைத்த பெட்டிக்கு 1871இல் காப்புரிமை பெற்றார். அப்போது அவருக்கு வயது 20. ஒரு பெட்டி அடுப்பில் காயும்போது இன்னொன்றால் தேய்க்கலாம், கைப்பிடி சுடாது. ஆண்கள் வார்த்துத் தந்த இரும்பைப் பெண்கள் கை வெந்தபடி பிடித்துவந்த நெடுங்காலத்துக்குப் பிறகு, பிடிப்பவரே அதைத் திருத்தினார். 1882இல் நியூயார்க்கின் ஹென்றி சீலி மின்சாரப் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். அதன்பின் வீட்டுப் பெட்டிக்கு வெப்பக் கட்டுப்பாடு வந்தது, ஆவி வந்தது, எடை குறைந்தது.

இந்த வசதிகளெல்லாம் சுவரில் பிளக் இருக்கும் இடத்துக்குத்தான் வந்தன. மரத்தடியில் நிற்கும் தள்ளுவண்டிக்குச் சுவர் ஏது? வீட்டுக்குள் மின்பெட்டி வைத்திருப்பவர்களே சட்டை மூட்டையைத் தெருமுனைக்குக் கொடுத்தனுப்பினார்கள், அங்கே அதே தணல் பெட்டி காத்திருந்தது. எந்தப் பொறியியல் கல்லூரிக்கும் இது ஒரு பிரச்சினையாகத் தோன்றாததில் வியப்பில்லை. தேய்ப்பவர் எந்தச் சாதியில் பிறந்தவர் என்பதே அவர் வேலையின் கடுமையைப் பார்வையிலிருந்து மறைக்கப் போதுமானதாக இருந்தது.

திருவண்ணாமலையில் 12 வயதுப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் அதைப் பார்த்தார். தன் தெருப் பக்கம் இஸ்திரி போடுபவர் எரிந்த கரியைத் தரையில் கொட்டி ஆறவிடுவதிலிருந்துதான் அவருடைய கேள்வி தொடங்கியது. எத்தனை வண்டி, எவ்வளவு கரி, எத்தனை மரம் என்று கேள்வி நீண்டது. இந்தியாவில் ஒரு கோடி இஸ்திரி வண்டிகள், ஒவ்வொன்றிலும் நாளுக்கு 5 கிலோவுக்கு மேல் கரி என்பது அவர் முன்வைக்கும் மதிப்பீடு. அதன்படி போனால் ஒரு நாளைக்கு 50,000 டன். ஒரு கோடி என்பது கொஞ்சம் தாராளமான எண் என்று தோன்றினாலும், பாதியாகக் குறைத்தால்கூட அது சின்னக் கணக்கல்ல.

அவர் யோசித்தது மூன்று சக்கர மிதிவண்டி. கூரையில் சூரியத் தகடு, கீழே பேட்டரி, அதில் ஓடும் ஆவிப்பெட்டி. 5 மணி நேர வெயில் 6 மணி நேரத் தேய்ப்புக்கு ஆகும். மழைநாளில் சாதாரண மின் இணைப்பிலும் பேட்டரியை ஏற்றிக்கொள்ளலாம். வண்டியை மிதித்துக்கொண்டு வாடிக்கையாளர் வாசலுக்கே போகலாம். கைப்பேசி சார்ஜ் ஏற்றித் தந்து இன்னும் நாலு காசு பார்க்கலாம். கரியை மட்டும் எடுத்துவிட்டு வருமானத்தை மறந்துவிடாதது இந்த யோசனையின் பலம். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்லி ஏழையிடம் செலவை ஏற்றும் திட்டங்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

2019இல் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை நடத்தும் இக்னைட் போட்டியில் இந்த யோசனை பரிசு பெற்றது. அந்த அறக்கட்டளையின் வேர் 1980களின் பிற்பகுதியில் அகமதாபாத்தில் பேராசிரியர் அனில் குப்தா தொடங்கிய ‘ஹனி பீ’ வலையமைப்பில் இருக்கிறது. படிக்காத விவசாயியும் கைவினைஞரும் கண்டுபிடித்ததை அவர்கள் பெயரோடு, அவர்கள் மொழியில் பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் கொள்கை. மதுரையின் ‘சேவா’ அமைப்பு நடத்திய ‘நம் வழி வேளாண்மை’ என்ற இதழ் அதன் தமிழ்க் கிளை. 2000இல் அறக்கட்டளை உருவானது. பின்னர் பள்ளிப் பிள்ளைகளிடம் யோசனை கேட்டு வாங்கும் போட்டி வந்து, அப்துல் கலாம் பெயரைத் தாங்கியது. பரிசு பெற்ற யோசனையை அறக்கட்டளையின் பொறியாளர்களே மாதிரி வண்டியாக்கித் தருவார்கள். வினிஷாவின் வண்டி காகிதத்திலிருந்து இறங்கி நின்றது அப்படித்தான்.

2020இல் சுவீடனின் குழந்தைகள் காலநிலைப் பரிசு. 2021இல் முதன்முறையாக வழங்கப்பட்ட எர்த்ஷாட் பரிசுக்கு, தூய காற்றுப் பிரிவின் இறுதிச் சுற்றில் மூவரில் ஒருவர். அந்தப் பிரிவில் வென்றது டெல்லிக்காரரான வித்யுத் மோகனின் ‘டகாச்சார்’. வயல் கழிவை வெளியில் கொளுத்தாமல் எரிபொருளாகவும் உரமாகவும் மாற்றும் இயந்திரம் அது. கரியை ஒழிக்க வந்த வண்டியும் கழிவிலிருந்து எரிபொருள் எடுக்கும் இயந்திரமும் ஒரே மேடையில் போட்டியிட்டது நல்ல பொருத்தம். அதே ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் வினிஷா உலகத் தலைவர்கள் முன் பேசினார். வெற்று வாக்குறுதிகள்மேல் தன் தலைமுறைக்குக் கோபம் இருக்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை.

கைதட்டல் ஒருபக்கம் இருக்கட்டும், கணக்கைப் பார்ப்போம். வீட்டு மின்பெட்டி பெரும்பாலும் 750 முதல் 1,000 வாட். 250 வாட் தகடு ஒன்று 5 மணி நேர நல்ல வெயிலில் அதிகபட்சம் 1.25 யூனிட் மின்சாரம் தரும். சூடுபண்ணும் வேலை மின்சாரத்தை விழுங்கும் வேலை. ஆகவே குறைந்த வாட்டில் போதுமான சூடு தரும் பெட்டியும், அந்தச் சூட்டை வீணாக்காத தேய்ப்பு முறையும் இல்லாமல் இந்த வண்டி ஓடாது. கரியின் சூட்டுக்குப் பழகிய கைகளுக்கு இது வேறு தொழில் கற்பது மாதிரி. கஞ்சி போட்ட கதர் வேட்டியை விறைப்பாக நிறுத்தும் கனம், லேசான பெட்டியில் வராது என்று பழைய ஆட்கள் சொன்னால் அதைப் பிடிவாதம் என்று தள்ள முடியாது.

தெருவில் இப்போது கரியை விரட்டிவருவது பெரும்பாலும் சமையல் எரிவாயுவில் ஓடும் பெட்டி. சாம்பல் இல்லை, பொறி இல்லை, காலையில் பற்றவைத்த நிமிடமே தேய்க்கலாம். சலவைத் தொழிலாளர்களுக்கு விலையில்லாமல் பித்தளைப் பெட்டி கொடுத்துவந்த தமிழக அரசும் எரிவாயுப் பெட்டிக்கு மாறியது. சிலிண்டரும் புதைபடிவ எரிபொருள்தான். ஆனால் அது வண்டிக்கு அடியில் அடங்குகிறது, தீர்ந்தால் மாற்றக் கிடைக்கிறது. கரிக்கும் சிலிண்டருக்கும் ஆகும் செலவு அவ்வப்போது போகிற காசு. தகடும் பேட்டரியும் வாங்க ஒரே தடவையில் பெரிய தொகை வேண்டும். சட்டைக்கு இத்தனை ரூபாய் என்று எண்ணிப் பிழைப்பவருக்கு அந்தத் தொகையைத் தவணையாகப் பிரித்துத் தர ஒரு வங்கியோ கூட்டுறவுச் சங்கமோ முன்வர வேண்டும். பேட்டரி சில ஆண்டுகளில் தேய்ந்தால் மாற்றிக்கொடுக்க பக்கத்து ஊரில் ஒரு மெக்கானிக்கும் இருக்க வேண்டும்.