எந்த வரிசை?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஏப்ரலில் பெய்த ஆலங்கட்டி மழையில் இர்விங்கில் எங்கள் தெருவின் பாதி வீடுகளுக்குக் கூரை போயிற்று. காப்பீட்டுக்காரர் வந்து பார்த்துப்போன சில வாரங்களில், ஒரு நாள் விடிவதற்குள் ஆறு பேர் ஏணிகளோடு வந்து இறங்கினார்கள். எல்லோரும் மெக்சிகோவின் குவானஹுவாத்தோ மாநிலத்துக்காரர்கள். பொழுது சாய்வதற்குள் பழைய கூரையைப் பிய்த்தெறிந்து புதிதாக வேய்ந்துவிட்டார்கள்.

அவர்களின் மேஸ்திரி அறுபதைத் தாண்டியவர். வேலை முடிந்து வாசலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு நண்பர் என்னிடம் தமிழில் சொன்னார்: "நாமெல்லாம் கிரீன் கார்டுக்கு வருஷக்கணக்கா வரிசையில நிக்கிறோம். இவங்க ஒரு ஆளைப் பிடிச்சு, காசைக் கொடுத்து ஆத்தைத் தாண்டி வந்துடறாங்க." எனக்கும் அப்போது அது நியாயமாகவே பட்டது. பாதி விளையாட்டாக அதை மேஸ்திரியிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "எந்த வரிசை? அது எங்கே இருக்கிறதென்று தெரிந்திருந்தால் என் தங்கை மகனை அங்கேயே நிறுத்தியிருப்பேனே" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன்.

நூறாண்டுகளுக்கு முன் மெக்சிகோக்காரர் எல்லையைக் கடக்கத் தரகர் தேவைப்படவில்லை. வேலைக்கு ஆள் பிடிக்கவே தரகர் இருந்தார். அமெரிக்க ரயில்பாதைகளுக்கும் பண்ணைகளுக்கும் ஊர் ஊராகப் போய் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தவரை 'எங்கஞ்சதோர்' என்றார்கள். கொக்கி போட்டு இழுப்பவர் என்று பொருள். தேயிலைத் தோட்டங்களுக்கு நம்மவர்களைத் திரட்டிய கங்காணியின் மெக்சிகோ உறவினர் இவர்.

1917இல் அமெரிக்கா ஒரு குடிவரவுச் சட்டம் இயற்றியது. உள்ளே வர எழுத்தறிவுத் தேர்வு, தலைக்கு 8 டாலர் வரி. பள்ளிக்கூடத்தையே பார்க்காத கூலிக்காரர் இரண்டையும் தாண்ட முடியாது. பாலத்தை விட்டு ஆற்றில் இறங்கினார். அவரை அக்கரை சேர்ப்பதும் ஒரு தொழிலாக வளர்ந்தது. அலுவலகங்களில் காரியம் முடித்துத்தரும் தரகருக்கு மெக்சிகோவில் வழங்கும் பெயரே அந்தத் தொழில் செய்பவருக்கும் வந்தது: 'கொயோட்டே'. ஒருவகைக் காட்டு நரியின் பெயர் அது. அதே 1917 சட்டம்தான் ஆசியாவின் மேல் ஒரு கோடு போட்டு, இந்தியர்கள் உட்படப் பெரும்பாலான ஆசியர்கள் குடியேறக் கூடாது என்றது. அவர்களுக்குக் கட்டணம், நமக்குத் தடை. இரண்டும் ஒரே சட்டத்தில். 1924இல் எல்லைக் காவல் படை வந்தது.

இரண்டாம் உலகப்போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் நிலைமை மாறியது. 1942இல் தொடங்கிய 'பிராசெரோ' திட்டத்தில் 22 ஆண்டுகளில் சுமார் 46 லட்சம் வேலை ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. டெக்சஸில் மெக்சிகோக்காரர்கள் கேவலமாக நடத்தப்பட்டதால், 1947 வரை இந்த மாநிலத்துக்கு மட்டும் ஆள் அனுப்ப மெக்சிகோ அரசு மறுத்தது. டெக்சஸ் பண்ணையார்கள் அசரவில்லை. ஒப்பந்தம் இல்லாமலே ஆற்றைக் கடந்து வந்தவர்களை வைத்துக்கொண்டார்கள். 1952இல் சட்டம் கடுமையானபோது, அனுமதியின்றி வந்தவருக்குப் புகலிடம் கொடுப்பது குற்றம், வேலை கொடுப்பது குற்றமாகாது என்று ஒரு விலக்குச் சேர்க்கப்பட்டது. அதற்கு 'டெக்சஸ் விலக்கு' என்றே பெயர். இரண்டே ஆண்டு கழித்து, 1954இல், லட்சக்கணக்கானோரைப் பிடித்துத் திருப்பியனுப்பினார்கள். நீந்தி வந்தவர்களைக் குறிக்கும் ஒரு வசைச்சொல்லையே அந்த நடவடிக்கைக்குப் பெயராக வைத்தார்கள்.

1964 இறுதியில் பிராசெரோ திட்டம் முடிந்தது. அடுத்த ஆண்டு வந்தது நாம் கொண்டாடும் 1965 சட்டம். நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்து, இந்திய மருத்துவர்களுக்கும் பொறியாளர்களுக்கும் கதவைத் திறந்த சட்டம் அது. மெக்சிகோ உள்ளிட்ட மேற்கு அரைக்கோளத்துக்கு முதன்முறையாக உச்சவரம்பு வைத்ததும் அதுவேதான்: 1968 முதல் ஆண்டுக்கு 1,20,000 பேர். 1976இல் மெக்சிகோவுக்கென்று 20,000 என வரம்பு வந்தது. 1950களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தத்தில் வந்துபோன பாதை அது. வேலை குறையவில்லை, ஆளும் குறையவில்லை. காகிதம் மட்டும் இல்லாமல் போயிற்று.

மேஸ்திரி கேட்ட வரிசைக்கு வருகிறேன். அதிகப் பயிற்சி தேவையில்லாத வேலைகளுக்கான நிரந்தர விசா, உலகம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 10,000க்கு மேல் கிடையாது. விவசாயக் கூலிகளுக்குத் தற்காலிக விசா உண்டு. பண்ணையார் விண்ணப்பிக்க வேண்டும், பருவம் முடிந்தால் திரும்ப வேண்டும். ஆண்டு முழுவதும் நடக்கும் கட்டடவேலைக்கும் உணவகச் சமையல்கட்டுக்கும் அது உதவாது. அமெரிக்கக் குடிமகனான அண்ணன் மனுப்போட்டால், மெக்சிகோவில் இருக்கும் தம்பி காத்திருப்பது 20 ஆண்டுகளுக்கு மேல். மாமனுக்கு மருமகனை அழைக்க வழியே இல்லை.

வரிசை இல்லாத இடத்தில்தான் கொயோட்டே நிற்கிறார். 1993இல் எல் பாசோவில் 400 காவலர்களை வரிசையாக நிறுத்தி ஆற்றங்கரையை அடைத்தார்கள். அடுத்த ஆண்டு சான் தியேகோ. கூட்டம் நிற்கவில்லை, பாலைக்கும் முட்காட்டுக்கும் ஒதுங்கியது. டெக்சஸில் ஆற்றைக் கடப்பதோடும் முடிவதில்லை. எல்லையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே ஃபால்ஃபூரியஸில் நெடுஞ்சாலைச் சோதனைச் சாவடி இருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு, தனியார் மாட்டுப்பண்ணைகளின் வழியே வெயிலில் நடக்க வேண்டும். வழி தெரியாதவர் அங்கே தண்ணீரின்றிச் சாகிறார். ஆற்றின் தென்கரையில் கும்பல்கள் ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிக்கின்றன. 2010 ஆகஸ்டில் தமவுலிபாஸ் மாநிலத்தின் சான் ஃபெர்னாந்தோவில் அப்படியொரு கும்பல் 72 பயணிகளைச் சுட்டுக்கொன்றது. தனியாகப் போவதைவிட, ஊரார் ஏற்கெனவே போய்வந்த ஆளோடு போவதே மேல் என்று குடும்பங்கள் கணக்குப் போடுகின்றன. பெரும்பாலும் பணத்தின் ஒரு பகுதி முன்னால், மீதி ஆள் வந்து சேர்ந்ததும். அதை இங்குள்ள உறவினர் கொடுப்பார்.

அந்தக் கணக்கு எப்போதும் பலிப்பதில்லை. 2022 ஜூனில் சான் அந்தோனியோவில் சாலையோரம் விட்டுப்போன ஒரு லாரிக்குள் வெப்பத்தால் 53 பேர் இறந்தார்கள். கொயோட்டேயை நான் நல்லவராக்கவில்லை. காவல் ஏற ஏற அவருடைய கூலியும் ஏறியது. சிறு தரகர்களின் இடத்தைப் பெரிய கும்பல்கள் பிடித்தன. டக்ளஸ் மாசி, ஹோர்ஹே துராந்த் ஆகிய ஆய்வாளர்கள் பல்லாண்டு கள ஆய்வில் கண்டது இன்னொன்று: காவலைக் கூட்டியதால் வருகிறவர்கள் நிற்கவில்லை, திரும்பிப் போகிறவர்கள்தான் நின்றார்கள். அத்தனை கடன்பட்டு, உயிரைப் பணயம் வைத்து வந்தவர் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டு மறுபடி வர முடியாது.

இதைப் படித்தபோது என் அப்பாவைப் பெற்ற தாத்தா நினைவுக்கு வந்தார். கொழும்பு புறக்கோட்டையில் கடைச்சிப்பந்தியாக இருந்தவர். 1939இல் இந்திய அரசு இலங்கைக்குக் கூலியாட்கள் போவதைத் தடை செய்தது. 1948க்குப் பிறகு இலங்கை கடவுச்சீட்டும் விசாவும் கேட்டது. தங்கை கல்யாணத்துக்கு ஊர் வந்த தாத்தாவுக்குத் திரும்பிப்போக விசா கிடைக்கவில்லை. தொண்டிப் பக்கம் ஒரு தோணிக்காரரைப் பிடித்து இருட்டில் மன்னார்க் கரையில் இறங்கினார். பாதிப் பணம் இங்கே; மீதி, போய்ச் சேர்ந்த கடிதம் வந்த பிறகு. அப்பத்தா கடைசிவரை 'தோணிக்காரர்' என்று மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் அக்கரையில் 'கள்ளத்தோணி' என்ற சொல், தோணியையே பார்க்காத, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த மலையகத் தமிழர் மீதும் வசையாக விழுந்தது. பின்னர் 1980களில் ஈழத்திலிருந்து ஓடியவர்களுக்கு ஏஜென்சிக்காரர் வந்தார். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் 150க்கும் மேற்பட்ட தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் கிடந்தார்கள். பணம் வாங்கிக்கொண்டு கப்பலில் ஏற்றியவர்கள் அப்படி இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். இந்த இதழை வாசிக்கும் பலருடைய வீட்டிலும் ஓர் ஏஜென்சிக் கதை இருக்கும்.

இர்விங்குக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. 2007இல் இந்நகரக் காவல்துறை, கைதானவர்களைக் குடிவரவுத் துறையிடம் ஒப்படைப்பதில் தீவிரமாக இருந்தது. இர்விங்குக்குள் வண்டி ஓட்டுவதைத் தவிர்க்கும்படி டாலஸில் இருந்த மெக்சிகோத் தூதரே தம் மக்களை எச்சரித்தார்.

மேஸ்திரி 1970களின் கடைசியில் வந்தவர். 1986 பொதுமன்னிப்பில் காகிதம் பெறும்வரை ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் ஊர் போய்த் திரும்பினாராம். தங்கை மகன் கொயோட்டேயோடு வந்து பதினோரு ஆண்டுகள்; ஒருமுறைகூடப் போகவில்லை. தாயின் அடக்கத்தைக் கைபேசியில் பார்த்தானாம்.

இதை நான் தமிழில் சொன்னபோது நண்பர் எதுவும் பேசவில்லை. விசா முத்திரை கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து, முந்தைய ஆண்டு தன் அப்பாவின் காரியத்துக்குப் போகாமல் இருந்தவர் அவர். வீட்டுக்குள் போய் இன்னும் ஆறு தண்ணீர் பாட்டில்களை எடுத்துவந்து கொடுத்தார்.