நாங்க பண்ணைப் பாடம் படிச்ச வரலாறு



"மலர்ல நீங்களும் எழுதணும்க்கா" என்று நம் கூட்டமைப்புப் பொறுப்பாளர்கள் கேட்டார்கள். சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் விவசாயப் பயிற்சியைப் பற்றி எழுதுகிறேன். நம்மில் பலர் கொல்லையிலே பொறந்து கொல்லையிலேயே வேலை செய்றவங்க. ஆனாலும் விவசாயப் படிப்பு நம்மகிட்ட வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அது எப்படி வந்தது என்று நம் மருமகள்களுக்கும் தெரியணும்.

தமிழ்நாட்டில் விவசாயத்துக்கென்று முதல் பள்ளிக்கூடம் 1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கியது. 1906-ல் அது கோயம்புத்தூருக்குப் போனது. அதுதான் 1971-ல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. அங்கே படித்தவர்கள் அதிகாரிகளாக வந்தார்கள். ஏர் பிடிக்கிறவருக்கே அந்தப் படிப்பு நேரடியாக வரவில்லை. களை எடுக்கிறவளுக்கு எங்கே வரும்?

1960-களில்தான் விவசாயியைத் தேடிப் பாடம் வர ஆரம்பித்தது. தஞ்சாவூர் மாவட்டத்தில் தீவிர விவசாயத் திட்டம் வந்தது. திருச்சி வானொலி நிலையம் விவசாய நிகழ்ச்சிகளை நடத்தியது. ஆடுதுறை 27 என்ற புது நெல் வானொலி மூலமாகவே ஊர் ஊராகப் பரவியதால், மக்கள் அதுக்கு "ரேடியோ நெல்"னே பேர் வச்சுட்டாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவரும் காதால் கேட்டுப் படிக்கலாம் என்பது பெரிய விஷயம். ஆனா எங்க ஊர் ரேடியோ பஞ்சாயத்துச் சாவடியில் இருந்தது. சாயங்காலம் அங்கே உட்கார்ந்து கேட்டது ஆம்பளைங்க. அந்த நேரத்துல எங்கம்மா அடுப்பு முன்னாடி இருந்தாங்க.

1974-ல் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் புதுச்சேரியில் திறக்கப்பட்டது. கையால் செய்து பார்த்துப் படிக்கணும் என்பது அதன் கொள்கை. இன்று பெரும்பாலான மாவட்டங்களில் இருக்கிறது. நம் தருமபுரிக்குப் பாப்பாரப்பட்டியில் இருக்கிறது. 1980-களில் "பயிற்சி மற்றும் பார்வையிடல்" என்ற முறை வந்தது. அதிகாரி குறிப்பிட்ட நாளில் ஊருக்கு வருவார், சில "தொடர்பு விவசாயி"களுக்குச் சொல்லுவார், அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லணும். எங்க ஊர்ல அந்தத் தொடர்பு விவசாயி எல்லாரும் ஆம்பளைங்கதான். விதை சேமிக்கிறது, நாத்து நடுறது, களை எடுக்கிறது, அறுக்கிறது நாம. எப்படிச் செய்யணும்ங்கிற பாடம் அவங்களுக்கு.

இந்தத் தப்பைச் சரி செய்யத்தான் 1986-ல் டென்மார்க் நாட்டு உதவியோடு பண்ணை மகளிருக்கான பயிற்சித் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியது. தான்வா என்று சொல்வார்கள். பெண் வேளாண்மை அலுவலர்கள் ஊருக்கே வந்து, பெண்களுக்கே பாடம் நடத்தினார்கள். கத்துக்கிட்டவங்க மத்த பெண்களுக்கும் சொல்லித் தரணும்ங்கிறது ஏற்பாடு. எங்க பக்கம் வந்தது 1990-களில். மாரியம்மன் கோயில் திண்ணையில் வகுப்பு. ஒரு குடம் தண்ணியில் உப்பைக் கரைத்து, கோழிமுட்டை மிதக்கிற பதம் வந்ததும் விதைநெல்லைக் கொட்டச் சொன்னார் அந்த மேடம். பொக்கு நெல் மேலே மிதந்தது. அதை அள்ளி எறிந்துவிட்டு, அடியில் நின்ற விதையை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணியில் கழுவினோம். மண் பரிசோதனைக்கு மண் எடுப்பது, வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துக் கரைசல் எடுப்பது எல்லாம் அங்கேதான் படித்தோம். நாலாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு, மறுபடியும் ஒருத்தர் முன்னாடி உட்கார்ந்து பாடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

இன்னொரு பக்கம், 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு நம் தருமபுரி மாவட்டத்தில்தான் அரசு மகளிர் குழுத் திட்டம் முதலில் ஆரம்பித்தது. 1997-ல் மகளிர் திட்டம் என்று மாநிலம் முழுக்கப் போனது. பயிற்சியும் குழுவும் ஒன்று சேர்ந்தபோதுதான் எங்களுக்கு நிஜமாகவே கதவு திறந்தது. தனியா ஒருத்தி "பயிற்சிக்குப் போறேன்"னா வீட்ல விடமாட்டாங்க. "குழுவுல எல்லாரும் போறோம்"னா விடுவாங்க.

இப்போது என் சொந்தக் கதை கொஞ்சம். எங்கம்மா காலத்தில் கொல்லையில் ராகிக்கு நடுவே அவரை, துவரை, ஓரத்தில் ஆமணக்கு, மழை தப்பினால் கொள்ளு. ஒண்ணு போனா ஒண்ணு கை கொடுக்கும். நான் கல்யாணமாகி வந்த பிறகு பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கமெல்லாம் தக்காளி பரவியது. கிணத்துத் தண்ணி இருக்கிறவங்க எல்லாம் தக்காளிக்கு மாறினாங்க, நாங்களும் மாறினோம். விலை ஏறின வருஷம் தங்கம் வாங்கினோம். விலை விழுந்த வருஷம் பறிகூலிகூட வராதுன்னு செடியிலேயே விட்டோம். அப்பவும் "போன வருஷம் நல்லா வந்துச்சே"ன்னு மறுபடியும் அதையே நட்டோம்.

குழுவுக்கு ஒரு பண்ணைக் கணக்குப் பயிற்சி வைத்தார்கள். "ஒவ்வொரு பயிருக்கும் தனிப் பக்கம் போடுங்க. செலவு இடது பக்கம், வரவு வலது பக்கம்" என்றார் பயிற்சி கொடுத்த மேடம். நாத்து, உரம், மருந்து, குச்சி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன் எல்லாம் எழுதினோம். பிறகு அவர் கேட்டார்: "உங்க கூலி எங்கம்மா?"

எல்லாரும் சிரிச்சோம். "நம்ம கொல்லையில நாமளே செய்றதுக்குக் கூலியா மேடம்?"

"வேற ஆள் கொல்லைக்குப் போனா வாங்குவீங்கல்ல? அதை எழுதுங்க" என்றார்.

நானும் என் மாமியாரும் வேலை செய்த நாளை எண்ணி எழுதினோம். லாபம்னு நினைச்ச வருஷத்துத் தக்காளி, கையைக் கடிக்காமல் வந்தது, அவ்வளவுதான். விலை விழுந்த வருஷத்தில் எங்க உழைப்பு மொத்தமும் சும்மா போயிருந்தது. ஆனால் வரப்போரத்து அவரையும், ரெண்டு ஆடும் ஒரு வருஷம்கூட நஷ்டம் காட்டவில்லை. மகள் பள்ளிக்கூடச் செலவு ஆட்டுக்காசிலேயே போயிருக்குன்னு அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிஞ்சது.

வீட்டில் சண்டை வந்தது. "நோட்டுப் புத்தகமா வெள்ளாமை பண்ணுது?" என்று வீட்டுக்காரர் கோபப்பட்டார். நான் எதிர்த்துப் பேசவில்லை. நோட்டை மட்டும் அவர் பக்கத்தில் வைத்தேன். ரெண்டு நாள் கழித்து அவரே எடுத்துப் பார்த்தார். அடுத்த பட்டத்தில் பாதி நிலம் தக்காளி, மீதியில் ராகியும் அவரையும் என்று முடிவானது. குழுக்கடனில் ஒரு கறவை மாடு வாங்கினோம். மாட்டுக்குத் தட்டு கொல்லையிலிருந்து, கொல்லைக்குச் சாணம் மாட்டிலிருந்து. இதைத்தான் பயிற்சியில் "ஒருங்கிணைந்த பண்ணையம்" என்று படம் போட்டுக் காட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த பெரியம்மா "இது எங்க மாமியார் செஞ்சதுதானே"ன்னு சொன்னாங்க. அதுவும் உண்மை. விதவிதமாகப் பயிர் வைப்பது நமக்குப் புதிது இல்லை, கணக்குதான் புதிது. எந்தப் பயிர் நம்மைக் காப்பாற்றுது, எது நம்ம உழைப்பைத் தின்னுதுன்னு அது காட்டிடும்.

இன்றைக்கு வாய்ப்புகள் நிறைய. அட்மா திட்டத்தில் நிதியில் குறைந்தது 30 சதவீதம் பெண் விவசாயிகளுக்குப் போகணும்னு விதியே இருக்கு. 2010-11 முதல் மகளிர் விவசாயிகளுக்கென்றே மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. 2018-ல் உழவன் செயலி போனிலேயே வந்துவிட்டது. ஆனால் ஒரு அலுவலகத்தில் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கப் போனபோது என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பட்டா யார் பேர்ல?" வீட்டுக்காரர் பேர்ல என்றேன். "அப்போ அவரை வரச் சொல்லுங்க" என்றார்கள். முப்பது வருஷமா கொல்லையில் நிற்கிறவ நான்.

1989-ல் தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தது. ஆனா அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. 2005-ல் மத்தியச் சட்டம் அந்தப் பாகுபாட்டையும் நீக்கியது. சட்டம் வந்தும், பட்டாவில் நம்ம பேர் எத்தனை வீட்ல இருக்கு? பயிற்சி, கடன், மானியம் எல்லாத்துக்கும் வாசல் அந்தத் தாள்தான்.

அதனால் உங்களிடம் மூணு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு குழுவும் மாதக் கூட்டத்தில் சேமிப்பு நோட்டோடு பண்ணைக் கணக்கு நோட்டையும் எடுத்து வையுங்கள். உங்கள் கூலியை மறக்காமல் எழுதுங்கள். அடுத்த பயிற்சிக்கு நீங்கள் மட்டும் போகாமல் ஒரு மகளையோ மருமகளையோ கூட்டிப் போங்கள். கூட்டுப் பட்டா பற்றி வீட்டில் பேச்சை ஆரம்பியுங்கள். முதல் நாள் கோபம் வரும், நோட்டைப் பக்கத்தில் வையுங்கள்.

யாராவது "என்ன வேலை செய்றீங்க?"ன்னு கேட்டா, "வீட்ல சும்மாதான்"னு இனிமே யாரும் சொல்லாதீங்க. விவசாயின்னு சொல்லுங்க.