சாயத்தண்ணியும் தசைச் சாயமும்

இலங்கை மலையகத்து நோட்டன் பிரிட்ஜைச் சுற்றிய தோட்டங்களில் பால் விடாத தேநீருக்குச் சாயத்தண்ணி என்று பெயர். தசை சிதைந்த பிள்ளையின் சிறுநீருக்கு வைத்தியர்கள் கண்ட உவமையும் அந்த வர்ணமே ஆதலால், அங்கே ஓடும் கெகல்கமு ஓயாக் கரையிலிருந்து தசைச்சிதைவு என்னும் இந்த ரோகத்தின் சரித்திரத்தைத் தொடங்குவது பொருந்தாதென்பார் இரார்.

நீரைப் பார்த்து நோயறிதல் நம்மவர்க்குப் புதிதன்று. தேரையர் பெயரால் வழங்கும் சித்த மரபு, நீரின் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்னும் ஐந்தையும் ஆராய்ந்து, அதில் ஒரு துளி நல்லெண்ணெயை விட்டு, அது அரவென நீண்டால் வாதம், ஆழியெனப் பரவினால் பித்தம், முத்தென நின்றால் கபம் என வகுத்தது.

1872-இல் அரசாங்கம் இயற்றிய மருத்துவத் தேவைகள் சட்டத்தின் வழியே தோட்டங்களுக்கு ஆங்கில வைத்தியம் வந்தது. 1916-ஐ ஒட்டிக் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கமும் வந்தது. இளைத்த பிள்ளைக்கெல்லாம் புழுவே காரணமெனக் கருதத் தோன்றும் அக்காலத்தில், கெண்டைக்கால் திரண்டிருந்தும் லயத்துப் படியேற மாட்டாத சிறுவன் தனி நோயாளியாக எவர் கண்ணிலும் படுவது அரிதே.

அத்தகைய சிறுவனைப் பாரிஸில் வைத்தியர் டுஷேன் 1868-இல் விரிவாக வருணித்திருந்தார். அவன் தன் தொடைமேல் கையூன்றித் தன்மீதே ஏறுவான்போல் எழுவதை லண்டனில் கவர்ஸ் 1879-இல் குறித்தார். சிறுநீரின் செய்தி பின்னரே தெளிந்தது. 1832-இல் ஷெவ்ரல் இறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்த கிரியேட்டின், தசையில் தங்கவேண்டிய பொருள். தசை குறையக் குறைய அது தங்க இடமின்றி நீரில் மிகுதியாக வெளியேற, அதன் கழிவாகிய கிரியேட்டினின் குறைகிறது. 1904-இல் ஃபோலின் வகுத்த வர்ண அளவை முறை இம்மாற்றத்தை அளக்கத் துணைசெய்தது. வெறுங்கண்ணுக்கு அது தெரியாது.

கண்ணுக்குத் தெரிவது வேறொன்று. மிகையான உழைப்பாலோ, சில மயக்க மருந்துகளாலோ தசைநார்கள் திடீரென உடைந்தால், மயோகுளோபின் என்னும் தசைச் சாயம் இரத்தத்தில் கலந்து, நீரைக் கருஞ்சிவப்பாக்கிச் சிறுநீரகத்தையும் தாக்கும். 1941-இல், லண்டன் குண்டுவீச்சின் இடிபாடுகளில் நசுங்கியவர்களிடம் பைவாட்டர்ஸ் அந்த ஆபத்தை எடுத்துக்காட்டினார். தசைச்சிதைவுள்ள பிள்ளைக்கு ஏற்றத்தைவிட இறக்கமே தசையை அதிகம் கிழிப்பது. மலைச்சரிவில் பள்ளிக்கு நடப்போர் அறியவேண்டிய விஷயம் இது.

ஜப்பானில் எபாஷி முதலியோர் 1959-இல் இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் மிகுவதைக் கண்டபின், இந்நோயை அறிவதில் நீர்ப் பரீட்சை பின்வாங்கியது. ஆயினும் நீரில் தோய்த்த சிறு காகிதக் கீற்று இரத்தம் உண்டென்று நிறம் மாற, நுண்ணோக்கியின் கீழ் ஒரு சிவப்பணுவும் காணாதபோது, வைத்தியர் இன்றும் தசையைச் சந்தேகிக்கிறார்.