இற்ஸ்: பிழை விட்டது நாங்கள் மட்டுமில்லை

முதலாம் வருசம் ஆங்கில வகுப்பில என்ர கட்டுரை திரும்பி வந்தபோது, ஒரே சொல்லைச் சுற்றி நாலு இடத்தில் சிவப்பு வட்டம். அந்தச் சொல் 'இற்ஸ்'. 'அதனுடைய' என்ற பொருளில் எழுதிய இடமெல்லாம் எஸ் எழுத்துக்கு முன்னால அப்போஸ்ற்றபி போட்டிருந்தேன். "இதெல்லாம் சின்ன வகுப்பு விசயம்" எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லப்பட்டது. பின் வாங்கில சிரிப்பும் கேட்டது.

விதி சின்னதுதான். ஐ, ஹீ, ஷீ, இற் என்பன ஆளையோ பொருளையோ சுட்டும் பிரதிப்பெயர்கள். மை, ஹிஸ், ஹேர், இற்ஸ் என்பன உடைமையைக் காட்டுபவை. இற்ஸில் அப்போஸ்ற்றபி போட்டால் அது 'இற் இஸ்' அல்லது 'இற் ஹாஸ்' என்பதின் சுருக்கம். போடாட்டி உடைமை.

ஆனா இந்த விதிக்கு எத்தனை வயசு?

பழைய ஆங்கிலத்தில் இற்ஸ் என்ற சொல்லே இல்லை. அப்ப 'அது' என்பதற்கு 'ஹிற்' எண்டு சொன்னார்கள். அதன் உடைமை வடிவம் 'ஹிஸ்'. அதாவது 'அவனுடைய', 'அதனுடைய' இரண்டுக்கும் ஒரே சொல். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் வேதாகமத்தின் முதல் பதிப்பிலும் இற்ஸ் கிடையாது. மரத்தின் கனியைச் சொல்லும்போதும் ஹிஸ்தான். லேவியராகமத்தில் ஓரிடத்தில் இன்றைக்கு நாங்கள் இற்ஸ் போடுற இடத்தில வெறும் 'இற்' நிற்கிறது. பிந்திய பதிப்புகளில்தான் அதை மாற்றினார்கள்.

இற்ஸ் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுத்துக்கு வந்த புதுச்சொல். பெயர்ச்சொல்லுக்கு உடைமை எஸ் சேர்ப்பதுபோல இற்றுக்கும் சேர்த்தார்கள். பெயர்ச்சொல்லின் உடைமைக்கு அப்போஸ்ற்றபி போடும் வழக்கம் பரவியபோது, இற்ஸுக்கும் பலர் போட்டார்கள். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பை எடுத்துப் பாருங்கள். முதலாம் உறுப்புரையின் பத்தாம் பிரிவில் உடைமைப் பொருளில் வரும் இற்ஸுக்கு அப்போஸ்ற்றபி இருக்கு! எனக்குச் சிவப்பு வட்டம் வாங்கித் தந்த அதே பிழை.

அந்தக் காலத்தில் இது பெரிய குழப்பமும் இல்லை. 'இற் இஸ்' என்பதை முதலெழுத்தை விட்டு 'ரிஸ்' என்று சுருக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. அந்த வழக்கம் தேய்ந்து, இற்ஸே சுருக்கமாகவும் நிலைத்தது. 19ஆம் நூற்றாண்டில் உடைமைச் சொல் அப்போஸ்ற்றபியைக் கழற்றிவிட்டு ஹிஸ், ஹேர்ஸ், அவர்ஸ் வரிசையில போய் நின்றது.

எங்கட பக்கமும் பாருங்கோ. எழுதேக்க 'என்னுடைய', கதைக்கேக்க 'என்ர'. உடைமைச் சொற்கள் வாயில புழங்கப் புழங்க மாறும்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பட்டப்பெயர் 'கடுவ'. வாள் என்று அர்த்தம். தெரிந்தவர் தெரியாதவரை வெட்டுற வாள். அண்டைக்கு அந்தச் சிரிப்பு என்னை வெட்டினது உண்மை. பிறகு ஒரு தவணை முழுக்க நான் வகுப்பில வாய் திறக்கேல்லை.

விதியைப் படிக்க வேண்டாம் எண்டு சொல்லேல்லை. சந்தேகம் வந்தால் 'இற் இஸ்' எண்டு விரித்து வாசித்துப் பாருங்கள். பொருள் சரிவந்தால் அப்போஸ்ற்றபி போடுங்கள். நான் இப்ப அப்பிடித்தான் செய்யிறன். ஆனா பக்கத்தில இருக்கிறவை பிழை விட்டால் சிரிக்கிறதில்லை.