பொறை: சுமையா, பொறுமையா?

செஞ்சிக்கு அருகே தொண்டூர்க் குன்றில் சமண முனிவர்கள் தங்கிய குகைத்தளம் இருக்கிறது. பாறையில் வெட்டிய படுக்கைகளோடு, அதை அகழூரின் அறம் என்று சொல்லும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் அங்கே உண்டு. அதே வட்டாரத்துத் திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியருக்குக் கல்வெட்டு இருக்கிறது. சமணர் வகுத்த பத்து அறங்களில் முதலாவது பொறை. ஆகவே கிறிஸ்தவ போதகர்கள் இந்தப் பக்கம் வந்து பொறுமையைப் பற்றிப் பேசியபோது, கேட்டவர்களுக்கு அந்தச் சொல்லும் புதிதல்ல, அந்தப் பழக்கமும் புதிதல்ல. தமிழ்க் கிறிஸ்தவம் எடுத்துக்கொண்ட அந்தச் சொல்லுக்குள் ஒரு பாரம் இருக்கிறது. அதை மறந்தால் கிறிஸ்தவப் பொறுமையே திரிந்துபோகும்.

பொறு என்ற வினைக்கு அடிப்படைப் பொருள் தாங்குதல். பொறை என்றால் பொறுமை, சுமை, மலை, வயிற்றுச் சூல் எல்லாம்தான். பிள்ளை பெறுவதைப் பொறையுயிர்த்தல் என்றது பழந்தமிழ். பொறுப்பு என்ற இன்றைய சொல்லும் இந்தக் குடும்பத்ததே. இந்தப் பொருள்களை ஒன்றாகக் காட்டுவது பழைய பாதையோரத்துச் சுமைதாங்கி. நட்ட இரண்டு கற்களின்மேல் குறுக்கே ஒரு கல், ஆள் தலையளவு உயரம். விறகுக்கட்டோடு நடந்து வருகிறவர் இன்னொருவர் கை கொடுக்காமலே தலைச்சுமையை அதன்மேல் நகர்த்திவைத்து, இளைப்பாறிய பின் மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். சூலோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கமாக இருந்தது. இறக்கிவைக்க முடியாமல் போன பொறைக்காக, மற்றவர் பொறையை இறக்கிவைக்க ஓர் இடம்.

விவிலியத் தமிழில் இந்தச் சொல் இரண்டு வழியாகப் போயிற்று. கிரேக்க மூலத்தில் எளிதில் சினம் மூளாத நெடிய மனத்துக்கு ஒரு தனிச்சொல் உண்டு. 1871இல் வெளிவந்த பவர் ஐயரின் விவிலியத் திருத்தம் அதைக் கலாத்தியர் நிருபத்தில் நீடிய பொறுமை என்றும், கொரிந்தியருக்கு எழுதிய அன்பின் அதிகாரத்தில் நீடிய சாந்தம் என்றும் சொன்னது. இரண்டு இடத்திலும் பக்கத்திலேயே தயவு வந்துவிடுகிறது. 1995இன் பொது மொழிபெயர்ப்பு கலாத்தியர் பட்டியலில் பொறுமை, பரிவு என்று சுருக்கியது. இன்னொரு வழி செபம். கர்த்தர் கற்பித்த செபத்தில் சீர்திருத்தச் சபையார் மன்னி என்ற வினையைக் கொள்ள, பழைய கத்தோலிக்க வழக்கு பொறு என்ற வினையைக் கொண்டது. பிறர் பிழையை மனிதர் பொறுப்பதற்கும் மனிதர் பாவத்தைக் கடவுள் பொறுப்பதற்கும் அங்கே ஒரே வினை.

சொல்லின் வேரை வைத்து வாழ்க்கைக்கு விதி எழுதலாமா என்று கேட்கலாம். வேர் மட்டும் சான்றென்றால் எழுதக்கூடாதுதான். ஆனால் வழக்கும் இதையே சொல்கிறது. கண்ணோட்டம் என்ற அதிகாரத்தில், 579ஆம் குறளில், வருத்துகிறவரிடமும் இரக்கம் காட்டிப் பொறுப்பதைத் தலையாய பண்பு என்கிறார் வள்ளுவர். அப்படியானால் கிறிஸ்தவம் கொண்டுவந்தது என்ன என்ற கேள்வி வரும். கடவுளையே பொறுக்கிறவராக வைத்து, அந்த வினையை அன்றாடச் செபத்தில் சாதாரண மக்களின் வாயில் போட்டது. குகையில் முனிவர் தம் உடல் வருத்தத்தைப் பொறுத்தார். செபம் சொல்லிவிட்டு எழுகிறவர் சொன்னதையே திரும்பக் கேட்கும் கிழவரையும், எரிச்சலோடு பேசும் பக்கத்து வீட்டாரையும் பொறுக்க வேண்டியிருக்கிறது.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. பொறுத்தார் பூமி ஆள்வார் என்ற பழமொழியை நிலமில்லாதவரிடமே அதிகம் சொன்னார்கள். பொறுமை அடங்கிக் கிடக்கச் சொல்லும் போதனையாகவே பயன்பட்டது என்பதே அது. உண்மைதான். அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில் 2008இல் தலித் கத்தோலிக்கர் சாதிப் பாகுபாட்டை எதிர்த்துத் தனிப்பங்கு கேட்டபோது மோதலும் துப்பாக்கிச் சூடும் நடந்து இரண்டு பேர் இறந்தார்கள். அந்தத் தலித் கத்தோலிக்கர் போன்றவரிடம் பொறுத்துப்போ என்பது தயவும் அல்ல, விசுவாசமும் அல்ல. ரோமர் நிருபத்தின் 15ஆம் அதிகாரம் தாங்கும் கடமையைப் பலமுள்ளவர் மேல் வைக்கிறது. பொறை என்பது வலியவர் தாமாக ஏற்கும் சுமை. எளியவர் தலையில் பிறர் ஏற்றுவதற்குப் பெயர் பாரம் சுமத்துதல்.

ஆகவே பொறுமையைப் பிரசங்கிப்பவர்கள் முதலில் யாரிடம் பேசுகிறோம் என்று பார்க்கட்டும். மேலதிகாரியும் மாமியாரும் பங்குப் பெரியவர்களும் கேட்க வேண்டிய போதனை இது. அவர்களுக்குச் சொன்ன பிறகு மற்றவர்களிடம் வரலாம்.